என் மகள் போட்ட துரை வேஷம்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், வரிசையாக நின்று சாமான் பூட்டும் லைனுக்கு சூப்பர்வைசர். நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்கிறேன்.

போன வருஷம் என் மகளின் பள்ளிக்கூடத்தில், வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாடத்தைப் பிள்ளைகளே நடித்துக் காட்டினார்கள். நாலாவது படிக்கும் என் மகள்தான் துரை. தொப்பி, அட்டை மீசை, கையில் பிரம்பு. அதைப் பார்க்க நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

கூலியாக நடித்த சிறுமி கும்பிட்டுக்கொண்டு, "துரை, அம்மாவுக்கு ஒடம்பு முடியல. ஊருக்குப் போவணும்" என்றாள்.

என் மகளுக்கு வசனம் மறந்துவிட்டது. சட்டென்று இடுப்பில் கை வைத்து, "நீ போய்ட்டா லைன் நின்னுடும். உங்கம்மா எங்க ஓடிடப் போறாங்க? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். "அசல் துரை மாதிரியே பேசறியே, யாருடி சொல்லிக் குடுத்தா?" என்று டீச்சர் சிரித்தார்.

"எங்கப்பா போன்ல இப்படித்தான் பேசுவாரு மிஸ்!" என்றாள் பெருமையாக.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து என் லைனில் வேலை செய்யும் செல்வி, உடம்பு முடியாத அம்மாவைப் பார்க்க லீவு கேட்டபோது நான் போனில் சொன்ன வார்த்தை அது. அந்த அடுத்த வாரம் வருவதற்குள் அவள் அம்மா இறந்துபோனார்.

மறுநாள் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்க்ரூவை முடுக்க ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் யார் லீவு கேட்டாலும் உடனே கொடுத்துவிடுகிறேன். செல்வி மட்டும் இன்றுவரை கேட்கவே இல்லை.