விழுந்தா மறுநாள் என்ன செய்யிறது?

பேச்சியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? மட்டாஞ்சேரியில் இன்றைக்கும் அவள் பேரை எடுத்தால், "ஓ, அந்தக் கருநாக்குக்காரியா?" என்று கேட்கிற ஜென்மங்கள் இருக்கின்றன. வாயிலிருந்து விழுகிற கெட்ட சொல் அப்படியே பலித்துவிடும் என்பார்களே, அந்த நாக்கு. அந்தப் பட்டத்தை அவளுக்குக் கட்டிவிட்ட மகானுபாவன் நான்தான். பேர் பிச்சுமணி. வெங்கிடராமனின் சுக்குக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன்.

பேச்சிக்கு சாத்தூர்ப் பக்கம். புருஷன் சுப்புராஜ் கொத்தனார். களமசேரியில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த நாளில் அவனோடு வந்து சாந்துச் சட்டி சுமந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. எங்கள் கிடங்குக்குச் சுக்குப் புடைக்க வந்தாள். இரண்டே வருஷத்தில் மேஸ்திரி ஆகிவிட்டாள். தன் ஊர்ப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு பெண்களைக் கூட்டிவந்து பள்ளுருத்தியில் குடிவைத்தாள். அவர்களுக்கு முதலாளியிடம் பயமில்லை, பேச்சியிடம்தான் பயம். குரல் அப்படி. அவள் கிடங்குக்குள் கூப்பிட்டால் படகுத்துறையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கிடங்கு பழைய மாடிக் கட்டடம், காயலை ஒட்டி இருந்தது. கீழே பெண்கள் புடைப்பார்கள், முன்னறையில் நான் உட்கார்ந்திருப்பேன், மாடியில் நானூறு மூட்டை இருக்கும். எழுபத்தாறாம் வருஷத்து மழைக்குப் பிறகு கிழக்குச் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனோம். பேச்சி மட்டும் அதன்மேல் ஒரு கை சுண்ணாம்பை அப்பினாள்.

"எதுக்குடி இது? அலங்காரமா?" என்றேன்.

"சுண்ணாம்பு வெடிக்காம இருந்தா அது பழைய விரிசல் சாமி. வெடிச்சா செவுரு இன்னும் நகருதுன்னு அர்த்தம்."

பத்தாம் நாள் சுண்ணாம்பு வெடித்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னாள். கட்டடத்துக்காரர் பம்பாயில் இருந்தார், அண்ணன் தம்பிக்குள் கேஸ், ஓடு மாற்றக்கூட ஆளில்லை. முதலாளி வேறு இடம் தேடினார், கிடைக்கவில்லை. "நோக்கலாம், நோக்கலாம்" என்று தள்ளிப்போட்டார். வேறொருத்தியாக இருந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பாள். இவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சாமி, இது விழும். விழுந்தா மறுநாள் என்ன செய்யிறது?"

நான் சிரித்தேன். விழுந்தால் எல்லாம் முடிந்தது, மறுநாள் என்ன மறுநாள்! அவள் சிரிக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது அவள் வேலை பார்த்த தீப்பெட்டிக் கொட்டகை எரிந்த கதையைச் சொன்னாள்.

"தீயில ஒருத்தரும் சாகல. அதுக்கு அப்புறந்தான் செத்தாக. மறுநாள் எங்க போய் நிக்கிறதுன்னு யாருக்கும் தெரியல. மொதலாளி ஒரு பக்கம் போயிட்டாரு, ஆளுக ஒரு பக்கம் போயிட்டாக. ரெண்டு மாசம் கழிச்சு அவரு வேற எடத்துல தொடங்கினப்ப, எங்க அக்கா பட்டினியில போய்ச் சேந்துட்டா. இந்த இருவத்திரெண்டு பேரும் என்னைய நம்பி வந்தவளுக சாமி."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். சுக்கு வாங்குகிற வெளிநாட்டு வியாபாரிகளின் விலாசங்கள் எல்லாம் என் மேஜையில் இருந்த ஒரே புத்தகத்தில் இருந்தன. அதைப் பார்த்து இன்னொன்று எழுதித் தரச் சொன்னாள். தன் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைப்பாளாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

ஒரு வாரத்து வேலை. உட்கார்ந்தால் எழுதியிருக்கலாம். எனக்கு என்ன திமிரோ!

"சுபமா பேசேண்டி! விடிஞ்சா எழுந்தா விழும் விழும்னு. கருநாக்காக்கும் ஒனக்கு. வாயை மூடிண்டு மிண்டாம போ!" என்று கத்தினேன். கிடங்கு முழுக்கக் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். காவல்காரன் நாணு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதத் தெரியாதவள், எழுதித் தருவாரும் இல்லை, என்ன செய்வாள்? எல்லாவற்றையும் வாயில் ஏற்றினாள். தபால் போடும்போது நான் வாசிக்கிற விலாசங்களைக் காதில் வாங்கி, ஆளுக்கு ஒன்றாகப் பெண்களுக்கு மனப்பாடம் பண்ணிவைத்தாள். பள்ளுருத்தியில் மூடிக் கிடந்த கயிற்றுக் கம்பெனியின் கொட்டகையைப் போய்ப் பார்த்து, அவசரத்துக்குத் தருவதாக அதன் சொந்தக்காரரிடம் வாக்கு வாங்கினாள். பாதிச் சல்லடைகளையும் ஒரு தராசையும் சாக்கில் மார்க்கு அடிக்கிற தகடுகளில் ஒரு செட்டையும் முதலாளியிடம் நச்சரித்து வாங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அப்புறம் தினமும் காலையில் சுளகைக் கையில் எடுக்கும் முன் பரீட்சை நடக்கும்.

"வீரலட்சுமி! கட்டடம் விழுந்தா எந்த வாசல்?"

"மேக்கு வாசல்க்கா."

"மறுநாள் எங்க நிப்ப?"

"பள்ளுருத்திக் கொட்டகையில."

"ஒச்சம்மா! ஒன் ஆளு யாரு?"

"ஜெட்டா, தபால் பெட்டி முந்நூத்தி நாப்பத்தொண்ணு..."

எழுத்து வாசனை இல்லாத பெண்கள் ஜெட்டாவையும் ஏடனையும் கும்மிப்பாட்டு மாதிரிச் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். காலங்கார்த்தாலே இதுவா மங்கள வாக்கு? நாணு சாயாவை உறிஞ்சியபடி, "பேச்சியே, நீ ஒந்நு மிண்டாதிருந்நா மதி, இது வீழில்லா" என்பான். நீ வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், இது விழாது என்று.

எழுபத்தேழு ஜூனில், இடவப்பாதி மழையில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடங்கு விழுந்தது. முதலில் மாடியில் உத்தரம் முனகுகிற சத்தம் கேட்டது. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் பேச்சி, "மேக்கு வாசல்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். இருபத்திரண்டு பெண்களும் எழுந்து போனார்கள். ஒருத்தியும் அலறவில்லை, முட்டிமோதவில்லை, கழற்றிவைத்த செருப்பைத் தேடவில்லை. நானும் நாணுவும் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து மழையில் நின்றோம்.

அப்போதுதான் என் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. "ஐயோ, அட்ரஸ் புஸ்தகம்!" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். போய் எடு என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எனக்கு நானே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. நாணு ஒரு நல்ல மடையன். கேட்டதை எடுத்துக்கொடுத்தே பழகினவன். "ஞான் எடுக்காம் சாமி" என்று உள்ளே ஓடினான். கிழக்குச் சுவர் சரிந்தது. நானூறு மூட்டையும் முன்னறைமேல் இறங்கின. சாயங்காலம்தான் அவனை வெளியே எடுத்தார்கள். புத்தகம் அவன் மார்போடு நனைந்து கூழாகக் கிடந்தது.

மறுநாள் காலை முதலாளியும் நானும் பள்ளுருத்திக்குப் போனோம். இருபத்திரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்கள். பேச்சி ஒவ்வொருத்தியாக அனுப்பினாள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் விலாசங்களை எழுதினேன். ஒரு எண் பிசகவில்லை. அந்தப் புத்தகம் தேவையே பட்டிருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. மூன்றாம் நாள் சல்லடை ஓடியது. ஒன்பதாம் நாள் கப்பலுக்குச் சரக்குப் போனது. ஒரு வியாபாரிகூட விட்டுப்போகவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேச்சி இல்லேன்னா நாம தெருவிலே நிந்நிருப்போம்டா" என்றார்.

நன்றி பதினாறு நாள் தாங்கியது. நாணுவின் காரியத்துக்குப் போன இடத்தில் அவன் பெண்டாட்டி பேச்சியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ தினம் பறஞ்ஞு பறஞ்ஞு வீழ்த்தியதல்லேடி! கரிநாக்கு!" தினமும் சொல்லிச் சொல்லி நீதானே விழவைத்தாய் என்று அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல் தயாராக இருந்தது, நான் கொடுத்ததுதானே.

அதன்பிறகு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் எதிரே வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவள் குரலால் உயிரோடு வெளியே வந்தவர்கள்தான் அத்தனை பேரும்! வயிற்றுப்பிள்ளைக்காரியான வீரலட்சுமி, அந்த அக்கா இருந்தால் வேலைக்கு வரமாட்டேன் என்றாள். ஒரு மாதத்தில் முதலாளி பேச்சியைக் கூப்பிட்டார்.

"நீ புத்திசாலியாக்கும். நேக்குத் தெரியும். ஆனா பொம்மனாட்டிகள் பயப்படறா. கொஞ்ச நாள் வராம இரு."

அவள் என்னைத்தான் பார்த்தாள். சாமி ஏதாவது சொல்வார் என்று நினைத்திருப்பாள். நாணு யார் சொல்லைக் கேட்டு உள்ளே ஓடினான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமே என்று பயம். கோழை. கொஞ்ச நாள் என்றது எட்டு வருஷமாயிற்று.

எண்பத்தைந்தில் வேலையிலிருந்து நின்ற பிறகு, பள்ளுருத்திச் சந்தையில் அவளைத் தேடிப் பிடித்தேன். கப்பைக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. அந்தக் குரலைக் காணோம். குனிந்து கேட்டால்தான் காதில் விழுந்தது.

"சாமியா? வாங்க. மெலிஞ்சு போயிட்டீகளே."

"நீ ஏண்டி இப்படி முணுமுணுக்கறே?"

"நான் இப்ப யார்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்ல சாமி. போன மாசம் வீரலட்சுமி மகன் ஓட்ட வள்ளத்துல ஏறிப் போறான். தண்ணி உள்ள வர்றது எனக்குத் தெரியுது. சொன்னா நடந்துருமோன்னு வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். நல்லவேள, கரையேறிட்டான்."

ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், இவளும் அல்லவா நம்பிவிட்டாள்! சுண்ணாம்பு வைத்துச் சுவரைப் பார்த்தவள்! அந்தச் சந்தை இரைச்சலில், கப்பைக் குவியல் முன் குத்துக்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எழுதித் தராதது, புத்தகம் என்று நான் கத்தியது, நாணு ஓடியது, எட்டு வருஷம் நான் மிண்டாமல் இருந்தது, எல்லாம். "அவனைக் கொன்னது நானாக்கும் பேச்சி. நீ இல்லே."

அவள் கையிலிருந்த கப்பையைக் குவியலில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்காகப் பழிய ஏத்துக்கிறீகளே சாமி. அதெல்லாம் வேண்டாம். நாணு சேட்டனக் கொன்னது என் நாக்குதான். எனக்குத் தெரியாதா?"

பெற்ற தாய்மேல் ஆணையிட்டேன். அவள் நம்பவில்லை. என் மனசு எத்தனை பெரிசு என்று சொல்லி, எனக்காகக் கண் கலங்கினாள்.