இருபத்திமூன்று சோடிச் சப்பாத்து

அதிகாலை நாலு பத்துக்கு என் கையில் ஒரு மேளத்தைத் தந்தார்கள். எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

எனக்கு ஆவி, பேய் எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்தவள், ஜெர்மனியில் ஹம் நகரில் பதினெட்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை, எத்தனையோ பேர் என் கையைப் பிடித்தபடி செத்திருக்கிறார்கள், ஒருவரும் திரும்பி வந்ததில்லை. நீங்கள் சிரித்தால் சிரியுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது. போன ஜூனில் அவளுடைய வகுப்பை மூன்று நாள் ஒரு பழைய பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். உதவிக்கு என்று நானும் போனேன், உண்மையில் அவளைத் தனியே விடப் பயம். பிரெஞ்சுப் புரட்சிப் போர்க் காலத்தில் அந்தப் பண்ணைக் கொட்டிலில் வைக்கோலில் படுத்திருந்த படையாட்களை விடியப்புறம் சுற்றிவளைத்து நித்திரையிலேயே குத்திக் கொன்றார்களாம். வரலாற்று ஆசிரியர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு இருபத்திமூன்று பிள்ளைகளையும் அதே கொட்டிலில் படுக்கவைத்தார். சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே போனவர்களை ஏசி, எல்லாவற்றையும் கழற்றி வாசலுக்கு வெளியே அடுக்கவைத்தது நான்தான். எங்கள் வீட்டுப் பழக்கம், யோசிக்காமலே வந்துவிட்டது.

நாலு மணிக்கு ஆசிரியர் பெரியவர்களை எழுப்பினார். அவரும் மூன்று தகப்பன்மாரும் பின்பக்க ஏணியால் பரணில் ஏறிப் பலகையை உதைத்துக் கத்துவார்களாம், நான் வாசலில் மேளம் அடிக்க வேண்டுமாம், அந்தப் படையாட்களின் திகிலைப் பிள்ளைகள் உணர வேண்டுமாம்.

"நித்திரையில் இருக்கிற பிள்ளைகளையா?"

"ஐந்து நிமிடம்தான். பிறகு அவர்களே சிரிப்பார்கள், பாருங்கள்."

ஒரு தகப்பன் பல்லைக் காட்டினார். "உங்களுக்குத்தான் இப்போதே பயம் பிடித்துவிட்டதே."

அது பயம் இல்லை. என் சின்னண்ணா இயக்கத்தில் இருந்தவன், பத்தொன்பது வயது. அவனுடைய முகாமையும் விடியப்புறம்தான் அடித்தார்கள், ஒருவரும் பாயை விட்டு எழும்பவில்லை. உடல் வெறுங்காலோடு வந்தது. சப்பாத்துகள் வாசலில் வரிசையாகக் கிடந்தனவாம், அம்மா பழக்கியபடி. இவர்களுக்கு அது விளையாட்டு! மேளத்தைப் புல்லில் எறிந்தேன், ஆரணியையாவது வெளியே எடுப்போம் என்று கொட்டிலுக்கு ஓடினேன்.

வாசலில் ஒரு சப்பாத்தும் இல்லை.

பிள்ளைகள் எல்லாரும் தள்ளி, ஆப்பிள் மரங்களுக்குக் கீழே நின்றார்கள். சப்பாத்துப் போட்டு, நாடா கட்டி, ஒரு சத்தம் இல்லாமல். அந்த வயதுப் பிள்ளைகள் இருபத்திமூன்று பேர் சத்தமில்லாமல் நின்றதை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

"ஆர் பிள்ளை உங்களை எழுப்பினது?"

"தெரியேல்லை அம்மா. ஆரோ என்ர கால் பெருவிரலைத் திருகினமாதிரி இருந்தது. எல்லாருக்கும் அப்பிடித்தானாம். நீங்களெண்டு நினைச்சன்."

"நான் இல்லையடி."

"அப்ப வெளியில கிடந்த சப்பாத்தையெல்லாம் ஆர் எங்கட காலடியில கொண்டுவந்து வச்சது?"

சோதனைக்குப் படிக்க என்னைச் சின்னண்ணா அப்படித்தான் எழுப்புவான். கூப்பிட்டால் வீடே எழும்பிவிடும் என்று, பெருவிரலைப் பிடித்து ஒரு திருகு. இதை நான் என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

அந்த நேரம் பரணில் உதையும் கத்தலும் தொடங்கின, கீழே ஒருவரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. நான் போட்ட சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. பிறகு மரம் முறிகிற ஒரு சத்தம். பரண் முழுவதும், வைக்கோல் கட்டுகளும் ஆட்களுமாக, வெறும் நித்திரைப் பைகளின் மேல் வந்து விழுந்தது. ஆரணியின் ஊதாப் பைக்குக் குறுக்கே ஒரு உத்தரம் கிடந்தது, அவள் தலை வைத்திருந்த இடத்தில். கால் முறிந்து கிடந்த ஆசிரியர், "நல்லகாலம், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். நல்லகாலமாம்! வாயில் வந்ததையெல்லாம் தமிழில் கொட்டினேன், இன்றைக்கும் அதற்காக எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது சப்பாத்துகள் கட்டிலடியில்தான் இருக்கின்றன. ஆரணி ஏன் என்று கேட்பதில்லை.

அன்று தீயணைப்புப் படை வரும்போது நன்றாக வெளிச்சமாகிவிட்டது. ஒரு பெண் அதிகாரி பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணினார், பிறகு என்னிடம் வந்தார்.

"இருபத்திமூன்று, சரி. உங்களோடு வந்த அந்த இளைஞரையும் ஆம்புலன்ஸில் ஏறச் சொல்லுங்கள். கொட்டில் வாசலிலேயே நிற்கிறார், கூப்பிட்டாலும் வருகிறார் இல்லை. காலில் சப்பாத்துக்கூட இல்லை."