பாக்கெட்டிலிருந்து காலர் வரைக்கும்

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐயர் எழுதிக் கொடுத்த பட்டியலில் குடைக்கும் சொம்புக்கும் நடுவே செருப்பு இருந்தது. ஒரு ஜோடி. மற்றதையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா வைத்தியலிங்கம் சொன்னார். செருப்பை மட்டும் நான் வாங்குகிறேன் என்றாள் மகள் பிரகதீஸ்வரி.

போகிற வழியெல்லாம் முள்ளும் கொதிக்கிற மணலுமாக இருக்கும், செருப்பைத் தானம் கொடுத்தால் இறந்தவர் கால் சுடாமல் நடப்பார் என்பது ஐயர் சொன்ன விளக்கம். பிரகதீஸ்வரிக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவின் காலில் தட்டையான செருப்பை மாட்டிவிட இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது. பதினைந்து வருஷமாகச் சொல்லியும் கேட்காத மனுஷி. இப்போது எதிர்த்துப் பேச முடியாது.

அவள் தொழிலே அதுதான். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பட்டறையில் சர்க்கரை நோயாளிகளுக்கும் பாதம் கோணியவர்களுக்கும் அளவெடுத்துச் செருப்பு செய்கிறாள். ஒரு நாளைக்குப் பத்துப் பாதமாவது கைக்கு வரும். குதிகால் உயர்ந்த செருப்பு என்ன செய்யும் என்று வருகிற பெண்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுவாள். எடை முழுக்க முன்பாதத்தில் இறங்கும். கட்டைவிரல் மடங்கி அதன் மூட்டு வெளியே புடைக்கும். கெண்டைக்கால் தசை குறுகும். பிறகு முட்டி, பிறகு இடுப்பு. எல்லாரும் பயந்துபோய்க் கேட்டுக்கொள்வார்கள். சனிக்கிழமை வலங்கைமானுக்குப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், வாசலில் மூன்று அங்குலக் குதிகாலோடு அம்மாவின் செருப்பு நிற்கும்.

அம்மா சாவித்திரி நாலடி ஒன்பது அங்குலம். இருபத்தொன்பது வயதில் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராகச் சேர்ந்து, அறுபது வயதில் அதே வேலையில் ஓய்வு பெற்றாள். சுற்று வட்டாரத்தில் எந்த வயலில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது, யார் நாற்றுக்கு வயசு கூடிவிட்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. 'பொடி மேடம்' என்று விவசாயிகள் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். கூப்பிடும்போது மேடம் மட்டும்தான்.

பிரகதீஸ்வரிக்கு எரிச்சலூட்டியது வலி மட்டுமல்ல, அது வீணாகப் படுகிற வலி என்பதும்தான். வரப்பில் இறங்குமுன் அம்மா செருப்பைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துவிடுவாள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். கோயிலானாலும் டாக்டர் வீடானாலும் அப்படியே. ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒன்பது மணி நேர வேலையில் அந்தச் செருப்பு காலில் இருப்பது மூன்றரை மணி நேரம். அதற்கா இவ்வளவு என்று கேட்டதற்கு, "வாசல்ல நிக்கிறப்பவே யாரு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சிடணும்டி. உள்ள போனப்புறம் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது" என்றாள் அம்மா.

அடுத்த மாதம் கேட்டால் காரணம் வேறாக இருக்கும். பஸ் படி உயரம் என்பாள். சேலைக்கு எடுப்பு என்பாள். அப்பா ஐந்தடி பத்து, பக்கத்தில் நின்றால் தகப்பனும் மகளும் மாதிரி இருக்கிறது என்பாள். அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காரணமும் அடுத்த தடவை வரை தாங்காது.

இதற்கு நடுவில் சேலை கட்டுவது ஒரு தனி வைபவம். செருப்பு போட்டால் வருகிற உயரத்துக்குத்தான் கொசுவம் வைக்க வேண்டும். ஆனால் செருப்போடு வீட்டுக்குள் வர முடியாது. சாவித்திரி சாப்பாட்டு மணையைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஏறி நின்று கட்டுவாள். மணையும் மூன்று அங்குலம். கட்டி இறங்கினால் கரை தரையில் புரளும். அள்ளிப் பிடித்தபடி வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஏறினால் சரியாக நிற்கும். மேடை ஏறியாச்சா என்று அப்பா காலையில் கேட்காத நாளில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் பிரகதீஸ்வரி பேச்சை விட்டுவிட்டுத் தன் தொழில் முறையைக் கையில் எடுத்தாள். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்க்கிற நாண் குறுகியவர்களை ஒரேயடியாகத் தட்டைக்கு இறக்கக் கூடாது. சிறிது சிறிதாக இறக்க வேண்டும். அடியில் புது ரப்பர் ஒட்டித் தருவதாகச் சொல்லி, மாதம் ஒருமுறை அம்மாவின் செருப்பைத் தஞ்சாவூருக்கு எடுத்துப் போனாள். பட்டறை மெஷினில் குதிகாலை மூன்று மில்லிமீட்டர் தேய்த்தாள். ரப்பர் ஒட்டினாள். அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். நான்கு மாதம் நன்றாகப் போயிற்று.

ஐப்பசியில் சேலைக் கரையெல்லாம் சேறாக ஆரம்பித்தது. சாவித்திரிக்குச் செருப்பின் மேல் சந்தேகம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. வயசாகித் தான் குறைந்துகொண்டு வருவதாக முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் கும்பகோணம் போய் டாக்டரிடம் அளந்து காட்டிக்கொண்டாள். நாலடி ஒன்பது. அரைக்கால் அங்குலம்கூடக் குறையவில்லை. திரும்பி வந்து, செருப்பை மணையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் போன் வந்தது.

"என் செருப்பை அறுத்தியாடி?"

"அறுக்கலை. தேய்ச்சேன். பன்னெண்டு மில்லிமீட்டர்."

"என்னைக் கேக்கணும்னு தோணலை?"

"கேட்டா விடுவியா?"

"விட மாட்டேன். அதனாலதான் கேக்கணும்."

போனைப் பிடுங்கிய அப்பா, செருப்பைச் சீவினவள் மணையையும் சீவியிருக்க வேண்டாமா, அரைகுறை வேலை என்றார். மூன்று வாரம் அம்மா பேசவில்லை. அந்த மூன்று வாரத்தில் இரண்டு புது ஜோடி வாங்கியிருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகாவது விடுவாள் என்று பிரகதீஸ்வரி காத்திருந்தாள். அம்மா அதே செருப்போடு காய்கறிக் கடைக்குப் போனாள். இப்போது யாருக்காக என்று கேட்டால், கழற்றினால் கால் வலிக்கிறது என்றாள். சிக்கல் என்னவென்றால், அது உண்மை. முப்பது வருஷம் உயரத்திலேயே நின்று நாண் குறுகிவிட்டது. தட்டைச் செருப்பில் குதிகால் தரையைத் தொடும்போது அது இழுக்கும். செருப்பு கொடுத்த கேட்டுக்குச் செருப்பே மருந்து. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியிடம் எப்படி வாதாடுவது.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த அம்மா நிமிரவில்லை. மாரடைப்பு. பதினைந்து வருஷமாகப் பிரகதீஸ்வரி அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேக் தாவூதின் கடை வலங்கைமான் கடைத்தெருவில் இருக்கிறது. அம்மா கடைசி வரை அங்கேதான் வாங்கினாள். பிரகதீஸ்வரி உள்ளே போனதும் அவர் எழுந்து, சாவு வீட்டுக்குத் தான் வந்துபோனதைச் சொன்னார். அவளுக்கு நினைவில்லை. தானத்துக்குச் செருப்பு வேண்டும், தட்டையாக, நாலாம் நம்பர் என்றாள்.

அவர் இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று தட்டை. இன்னொன்று கறுப்பில் மூன்று அங்குலம். அம்மா சொல்லிவைத்து வரவழைத்ததாம், வாங்க வரவில்லை.

"இதை ஏன் பாய் காட்டுறீங்க? தட்டைன்னுதானே சொன்னேன்."

"நாலாம் நம்பர்னீங்க. நாலுல என்கிட்ட இருக்கிறதைக் காட்டினேன்."

பிரகதீஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷமாக விற்றிருக்கிறீர்களே, எதற்காகப் போடுகிறாள் என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். தெரியுமே என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. காலெல்லாம் சேறோடு அம்மா கடைக்கு வந்திருக்கிறாள். ஏதோ ஊரில் நெல்லில் புகையான் பூச்சி விழுந்து, மருந்து சொல்லப் போயிருந்தாள். வரப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். இவள் சொல்லச் சொல்ல, எல்லாரும் இவள் தலைக்கு மேலே பார்த்து, ஏக்கருக்கு எத்தனை டோஸ் என்று கூட வந்த ஜீப் டிரைவரைக் கேட்டார்கள். டிரைவரும் ஏதோ ஒரு அளவைச் சொன்னான். அதைத்தான் அடித்தார்கள். அரை வயல் காய்ந்துபோயிற்று.

"ரெண்டு இஞ்ச் போட்டு என் முன்னாடி வந்து நின்னாங்க. எந்திரிங்க பாய்னாங்க. எந்திரிச்சேன். பத்தலைன்னாங்க. மூணு எடுத்துக் குடுத்தேன். 'இவ்வளவு நேரம் உங்க பாக்கெட்டுல இருக்கிற பேனாகிட்ட பேசிக்கிட்டிருந்தேன் பாய். இப்ப காலர் தெரியுது. இது போதும்'னாங்க."

"காலரா?"

"நாலு இஞ்ச் இருக்கு மேடம், மூஞ்சி தெரியும்னேன். வேணாம், மிச்சத்துக்கு அவங்க குனியட்டும்னுட்டாங்க."

பாக்கெட்டிலிருந்து காலர். ஏழரை சென்டிமீட்டர். அதற்கு முப்பத்தொரு வருஷம், இரண்டு கால் கட்டைவிரல், ஒரு முட்டி. அதைச் செருப்புக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். பெற்ற மகளிடம் பஸ் படியைச் சொல்லியிருக்கிறாள். பிரகதீஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது. தான் ஆயிரம் தடவை கேட்டதை நினைத்துப் பார்த்தாள். ஆயிரம் தடவையும் கையில் எக்ஸ்ரே படம் இருந்தது.

தட்டையை எடுத்து வளைத்துப் பார்த்தாள். நல்ல செருப்பு. ஆனால் குறுகின நாணோடு அவ்வளவு தூரம் தட்டையில் நடக்க முடியாது. தொழில் தெரிந்த யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள். கறுப்பைக் கட்டச் சொன்னாள்.

மறுநாள் குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் காரியம் நடந்தது. இறந்தவர் பெண்ணென்றால் சேலையையும் செருப்பையும் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். வாங்குகிறவர் செருப்பை அங்கேயே போட்டு நாலடி நடந்து காட்ட வேண்டும். ஐயர் தனபாக்கியம் என்ற அம்மாளை ஏற்பாடு செய்திருந்தார். அறுபது வயது, நல்ல சரீரம், கால் எட்டாம் நம்பருக்குக் குறையாது. பெட்டியைத் திறந்ததும் ஐயர் உள்ளே பார்த்தார், அந்த அம்மாளின் காலைப் பார்த்தார்.

"என்னம்மா இது. இதை யாரு போட்டுக்கிறது?"

"எங்க அம்மா."

"அம்மா பேரில குடுக்கறது சரி. போடறது வாங்கறவங்களாச்சே. அவங்க அளவுக்குன்னா வாங்கணும்."

"நடக்கப் போறது எங்க அம்மான்னு நீங்கதானே சொன்னீங்க. அவங்க நாலு. அவங்களுக்கு எட்டை மாட்டி அனுப்பினா சறுக்கி விழ மாட்டாங்களா?"

அளவெடுத்துச் செருப்பு செய்கிறவள் ஆள் யாரென்று கேட்காமல் வாங்கியிருக்கிறாள் என்று அப்பா முனகினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. காலில் ஏறாத செருப்பு தானமாகாது, ஓடிப்போய் மாற்றி வாருங்கள் என்றார் ஐயர். மாற்ற முடியாது என்றாள் பிரகதீஸ்வரி. அம்மாவோடு சண்டை போடும்போது வருகிற அதே குரல் வந்தது. படித்துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தனபாக்கியம் அம்மாள்தான் முடித்துவைத்தாள். கூட வந்திருந்த மருமகளைக் காட்டி, இவளுக்கு நாலுதான், இவள் போட்டு நடக்கட்டும் என்றாள். புருஷனோடு வாழ்கிற பெண் சாவுத் தானத்தை வாங்கக் கூடாது என்று ஐயர் இழுத்தார்.

"வாங்குறது நான். எங்க வீட்டுல எதை யாரு போடுறாங்கன்னு நீங்க ஏன் பாக்குறீங்க?"

மருமகள் பெயர் அபிராமி. அவளும் உயரம் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறாள். செருப்பைக் கையில் வாங்கிக் குதிகாலை விரலால் தடவிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பிரகதீஸ்வரிக்குத் தன் வேலை நினைவு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடாதே, கடையில் நிற்கும்போது கழற்றி வை, ராத்திரி கெண்டைக்காலை நீட்டி மடக்கு என்று ஆரம்பித்தாள்.

"மேல்தட்டு சேலையை எடுக்க ஸ்டூல் கேட்டா சூப்பர்வைசர் சிரிக்கிறாருக்கா," என்றாள் அபிராமி. போட்டுக்கொண்டாள்.

முதலடியிலேயே கணுக்கால் மடங்கியது. மணல். பிரகதீஸ்வரி அவள் கையைப் பிடித்துச் சிமெண்டுப் படிக்கு ஏற்றினாள். பதினைந்து வருஷமாக எத்தனை பெண்களின் காலிலிருந்து இதைக் கழற்றியிருப்பாள். இன்று தானே கொண்டுவந்து ஒருத்திக்கு மாட்டியிருக்கிறாள்.

"காலைப் பாக்காத. நேரா பாரு. சின்ன அடியா வை. குதி முதல்ல, அப்புறம் முன்னாடி. முட்டியை மடக்கிக்கிட்டே நடக்காத, தொப்புன்னு விழுவ."

அபிராமி நாலடி நடந்தாள். முதல் இரண்டு தடுமாற்றம். மூன்றாவது பரவாயில்லை. நாலாவதில் தோள் நிமிர்ந்து, தலை தானாக மேலே வந்தது.

போதும், நேரமாகிறது, கழற்றச் சொல்லுங்கள் என்றார் ஐயர்.

"இருங்க," என்றாள் பிரகதீஸ்வரி. அவள் கண் அந்தக் காலிலேயே இருந்தது. "திரும்புறது இன்னும் சரியா வரலை. இன்னொரு தடவை நடக்கட்டும்."