டேஷ்போர்டில் ஒரு நீலக் கப்பல்

"வண்டி ஓட்டுறவன்லாம் டிரைவரா? வண்டி பேசுறதைக் காது குடுத்துக் கேக்குறவன்தான்யா டிரைவர். இத்தனை வருஷத்துல ஒரு விளக்கு எரியுதுன்னு எவன்கிட்டயாவது போய் இதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேட்டிருக்கேனா? கேக்கவும் மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

மலைமேல் இருக்கும் ஒருரோ நகரத்து ஷேர் டாக்ஸிக்காரர்கள் காலையில் கூடும் சோளக்கஞ்சிக் கடையில் கிரிசாந்தோ சொக்கே இப்படிப் பிரகடனம் செய்தபோது அவர் வாயில் பாதிப் பூரி இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நிகானோருக்குப் பிரகடனத்தோடு பூரித் துணுக்குகளும் கிடைத்தன.

"செத்த பிறகு நீங்க எப்படிக் கேப்பீங்க அட்மிரல்? நாங்கதான் உங்களுக்காக விசாரிக்கணும்," என்றான் நிகானோர், சட்டையைத் தட்டிக்கொண்டே.

அட்மிரல் என்பது கேலிப்பெயர்தான். ஆனால் கிரிசாந்தோ அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டிருந்தார். நம் நாட்டுக்குக் கடல் பறிபோய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கடற்படையை மட்டும் நாம் விடவில்லை. ஏரியில் வைத்துக் காப்பாற்றி வருகிறோம். இளவயதில் கட்டாய ராணுவ சேவைக்குப் போன கிரிசாந்தோ அந்த ஏரிப் படையில்தான் ஒரு வருஷம் இருந்தார். பெரும்பாலும் உருளைக்கிழங்கு உரித்தார். ஒரே ஒரு நாள் மத்தியானம் படகொன்றில் ஓட்டை விழுந்து, கரை வந்து சேரும்வரை குழம்புச் சட்டியால் தண்ணீர் இறைத்தார். அந்த ஒரு மத்தியானம் கஞ்சிக்கடையில் வருஷாவருஷம் நீண்டு, இப்போது மூன்று நாள் புயலாகவும் இரண்டு போர்க்கப்பலாகவும் ஆகியிருந்தது. குழம்புச் சட்டி மட்டும் மாறவில்லை. பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவர் பழைய வண்டியை விற்றுவிட்டு, வலப்பக்கத்து ஸ்டீயரிங்கை அறுத்து இடப்பக்கம் ஒட்டவைத்த ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கியது மே மாதக் கடைசியில். சாவியைத் திருப்பினால் அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் இரண்டு வாக்கியம் சொல்லும். என்ன சொல்கிறது என்று நம் ஊரில் எவருக்கும் தெரியாது. கிரிசாந்தோ மட்டும் தினமும் தொப்பியைத் தொட்டு, "காலை வணக்கம் அம்மணி, குளிர் ஜாஸ்திதான்," என்று பதில் சொல்வார்.

"என்கிட்ட ஒரு நாளாவது காலையில வணக்கம்னு சொல்லியிருக்கியாய்யா?" என்பாள் அவர் மனைவி எலோதியா, வாசலில் நின்று.

"நீ பேசுறது எனக்குப் புரியுதே. புரியாதவங்களுக்குத்தான் மரியாதை தேவை."

வண்டி வாங்கிய வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஜூனில் அவருடைய தங்கை மகள் யோசெலினுக்குக் கல்யாணம். நம் கல்யாணங்களில் மோதிரச் செலவை ஏற்க ஒரு ஞானத்தகப்பன், கேக்குக்கு ஒருத்தர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருத்தர், பீருக்குக் கட்டாயம் இரண்டு பேர். காருக்கு ஞானத்தகப்பனாக இருக்க மாப்பிள்ளை வில்மரின் சித்தப்பா முறையில் நிகானோரும் முண்டிக்கொண்டு நின்றான். அவன் வண்டி புதிது, சீட்டெல்லாம் தோல். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் யோசெலின்தான் ஒரே பேச்சில் முடித்துவைத்தாள்: "எங்க மாமா வண்டியிலதான் நான் கோயிலுக்கு வருவேன். தள்ளிக்கிட்டு வந்தாலும் சரி."

அந்தக் கடைசி வாக்கியம் கிரிசாந்தோவின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. தள்ளுவதா? தங்கச்சி பெண்ணைத் தன் வண்டியில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கும்வரை அவருக்கு வேறு லட்சியம் கிடையாது என்று ஆயிற்று.

வாங்கிய மறுநாள் காலையிலேயே டேஷ்போர்டில் நீலமாக ஒரு விளக்கு எரிந்தது. கிரிசாந்தோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கீழே இரண்டு வரி அலை. அலையின் மேல் நட்டமாக ஒரு கம்பம். கம்பத்தின் ஒரு பக்கமாகச் சின்னச் சின்னக் கோடுகள்.

வேறு எந்த நாட்டு டிரைவரும் இதைப் பார்த்துக் குழம்பியிருப்பான். கடலைப் பறிகொடுத்த நாட்டின் கடற்படை வீரருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அலை, பாய்மரம், கொடிக்கயிறு. கப்பல்! அதுவும் உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய், பாய்மரம் மட்டும் மேலே தெரிகிற கப்பல். அதாவது, மூழ்குகிறது. அதாவது, வண்டிக்குள் தண்ணீர் அளவுக்கு மிஞ்சிவிட்டது. மூழ்குகிற கப்பலில் என்ன செய்யவேண்டும் என்பது மூன்று நாள் புயலில் அவர் கற்றுத் தேர்ந்த பாடம்.

எலோதியாவின் குழம்புச் சட்டி வந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டிக்கடியில் படுத்து, ரேடியேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, பச்சையாக வழிந்த தண்ணீரைச் சட்டியில் பிடித்தார். சட்டி பாதி நிறைந்ததும் திருகை முடுக்கிவிட்டு எழுந்து வந்து பார்த்தால், விளக்கு அணைந்திருந்தது.

உலகத்தில் எத்தனையோ தப்பான கொள்கைகள் நிரூபணம் கிடைக்காமல் செத்துப்போகின்றன. கிரிசாந்தோவின் கொள்கைக்கு அந்தத் துரதிர்ஷ்டம் நேரவில்லை. தினமும் காலையில் நீலக் கப்பல் எரியும். அவர் கொஞ்சம் இறைப்பார். எழுந்து வருவதற்குள் கப்பல் கரையேறிவிடும்.

"பாத்தியா? வண்டி கேட்டுச்சு, நான் செஞ்சேன்," என்றார்.

"அந்தப் பச்சைத் தண்ணியை ஜெரேனியச் செடிக்கு ஊத்தினேன். செடி செத்துப்போச்சு," என்றாள் எலோதியா.

"செடிக்கு நீச்சல் தெரியாது."

இரண்டாவது வாரத்தில் வண்டியின் ஹீட்டரும் சூடான காற்றை நிறுத்திவிட்டுக் குளிர்காற்றை ஊதத் தொடங்கியது. நடுக்குளிர்காலமான ஜூன் மாத ஒருரோவில், பின்சீட்டில் போர்வைக்குள் நடுங்கிய பயணிகள் முறையிட்டார்கள். இது ஜப்பானிய ஆரோக்கிய முறை, காசு குடுத்தாலும் நம் ஊரில் கிடைக்காது என்று கிரிசாந்தோ சமாதானம் சொன்னார்.

கல்யாண நாளும் வந்தது. முதல்நாள் முழுக்க எலோதியா வண்டிக்கு அலங்காரம் செய்திருந்தாள். கூரையிலும் பானெட்டிலும் கோடுபோட்ட நெசவுத் துணி விரித்து, முகப்பு வரை இழுத்துக் கட்டி, அதன்மேல் உறவுக்காரர்களிடமெல்லாம் இரவல் வாங்கிய வெள்ளித் தட்டுகளையும் கரண்டிகளையும் இடைவெளி இல்லாமல் தைத்திருந்தாள். வெயிலில் வண்டி ஒரு நகைக்கடை போல நின்றது. காற்று புக ஓர் ஊசிமுனைச் சந்துகூட இல்லை. கிரிசாந்தோ வழக்கம்போலக் காலையில் கொஞ்சம் இறைத்தார். விசேஷ நாளாயிற்றே என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இறைத்தார்.

ஊருக்கு வெளியே மச்சகமார்க்காவில் பெண் வீட்டில் யோசெலினை ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் எலோதியாவோடு கிளம்பினார்கள். பின்னால் நிகானோர், பீர்ப் பெட்டிகளோடு. பாதி வழிகூடத் தாண்டவில்லை. கப்பல் மறுபடியும் தோன்றியது. இந்தத் தடவை சிவப்பாக.

கிரிசாந்தோ குனிந்து பார்த்தார். சிவப்புக் கப்பல் அவர் அனுபவத்தில் இல்லை.

"என்னய்யா அது செவப்பா?" என்றாள் எலோதியா.

"கல்யாணம்னு அதுக்கும் தெரியுது. கொண்டாடுது."

கொண்டாட்டம் அடுத்த நிமிஷமே வெளியே வந்தது. கரண்டிகளுக்கு நடுவே முதலில் மெல்லிய ஆவி. பிறகு தட்டுகளெல்லாம் கடகடவென்று ஆட, பெரிய ஆவி. கல்யாண வண்டி சந்தைநாள் சமையலறை மாதிரி புகைந்துகொண்டு, ஒரு டயர்க்கடை எதிரே ஓரங்கட்டியது.

கிரிசாந்தோ குதித்து இறங்கி, "தண்ணி ரொம்பிப் பொங்குது! இன்னும் இறைக்கணும்!" என்று சட்டியைத் தேடினார்.

யோசெலின் வெள்ளைக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டு வழியாக எட்டிப் பார்த்தாள். "மாமா, எதை வச்சு இறைக்கணும்ங்கிறீங்க?"

"இதோ, இந்தக் கப்பலை வச்சுத்தான்."

"கப்பலா?" அவள் விளக்கையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமா, இது தெர்மாமீட்டர். தினம் நூறு பேர் வாயில நான் வைக்கிறது இதுதான். தண்ணியில நிக்குது, அவ்வளவுதான். வண்டிக்குக் காய்ச்சல். எத்தனை நாளா இப்படி?"

எலோதியா சொன்னாள். ஜெரேனியம் உள்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

யோசெலின் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அப்ப உள்ள தண்ணியே இல்லையே மாமா," என்றாள் மெதுவாக.

அவர் அவமானத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் பாய்ந்தார். அவள் இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தொடாதீங்க. ஆவி அடிச்சா மூஞ்சி வெந்துடும். தீக்காய வார்டுல உங்களை வச்சுப் பாக்க எனக்கு இன்னைக்கு நேரமில்லை."

நிகானோரின் வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன அட்மிரல், நீராவிக் கப்பலா?"

கிரிசாந்தோவின் வாழ்க்கையில் அதுவரை வந்த எல்லாக் கேலியும் சேர்ந்து அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது. வண்டி ஆறக் குறைந்தது அரைமணி ஆகும். கோயிலில் பாதிரியார் காத்திருக்கிறார். அவர் இதற்குப் பின் இன்னும் இரண்டு கல்யாணம் நடத்திவைக்க வேண்டும். யோசெலின் ரோட்டோரம் நின்று மாமாவையே பார்த்தாள். "நான் இருக்கேன் மாமா. ஆறட்டும், போலாம்," என்றாள். நிஜமாகவே சொன்னாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

கிரிசாந்தோ நிகானோரின் வண்டிக் கதவைத் தானே திறந்தார். உள்ளேயிருந்த பீர்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தன் வண்டிக்குள் அடுக்கினார். தோல் சீட்டைத் தன் கோட்டுக் கையாலேயே துடைத்தார்.

"ஏறும்மா."

"மாமா..."

"ஏறுங்கிறேன்ல. பாதிரியார் வேற பொண்ணுக்கு உன் மாப்பிள்ளையைக் கட்டி வச்சுடப் போறார்."

நிகானோர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிரிசாந்தோவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பிறகு அட்மிரலும் மனைவியும் ரோட்டில் தனியாக நின்று, நாள் முழுக்கத் தைத்த கரண்டிகளைப் பல்லால் நூல் கடித்துப் பிரித்தார்கள். முகப்புத் துணியை முழுசாக உருவினார்கள். வண்டி ஆறியதும், துணியைச் சுற்றி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்து எட்டிப் பார்த்தார் கிரிசாந்தோ. கிணற்றுக்குள் பார்ப்பது போல இருட்டுதான் தெரிந்தது. அடித்திருகு வேறு தினமும் திருகித் திருகித் தேய்ந்து, சொட்டிக்கொண்டிருந்தது. அதை டயர் ரப்பர் துண்டு ஒன்று வைத்து இறுக்கினார். டயர்க்கடைக்காரம்மா, பஞ்சர் பார்க்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் மொள்ளப் போனவரைத் தடுத்து, இரண்டு கேன் பச்சைக் கூலன்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வெறும் தண்ணி ஊத்தினா ராத்திரி உறைஞ்சு இஞ்சின் வெடிச்சிடும். இதைக் கலந்து ஊத்துங்க. தெரியும்ல?"

"தெரியும், தெரியும்," என்றார் கிரிசாந்தோ. அதுவரைக்கும் அவருக்கு அது தெரியாது.

ஊற்றினார். வண்டி குடித்தது. மேலும் ஊற்றினார். அதையும் குடித்தது.

"எம்மாடி, பீருக்கு ஞானத்தகப்பன் மாதிரியில்ல குடிக்குது!" என்றாள் எலோதியா.

"இத்தனை நாளா தாகத்துல செத்துக்கிட்டிருந்ததை நான் இன்னும் பட்டினி போட்டிருக்கேன்டீ. ஏரியில என்னை உருளைக்கிழங்கு உரிக்க வச்சவன் ஆளைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்."

கோயில் வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பூசை பாதி முடிந்திருந்தது. மூக்கு மட்டும் மொட்டையாக, கூரையில் தட்டுகள் மின்ன, வயிற்றில் பீர்ப் பெட்டிகளோடு வண்டி நின்றது. கிரிசாந்தோ உள்ளே போகவில்லை. பெட்டிகளை நிகானோர் வண்டிக்கு மாற்றிவிட்டு, பின்சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்து, பேண்டு முழங்கி, காகிதப்பூ மழை ஓய்ந்ததும் யோசெலின் படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். நிகானோர் தன் தோல் சீட்டுக் கதவைத் திறந்துபிடித்து நின்றான். அவள் வில்மரின் கையை இழுத்துக்கொண்டு நேராக மொட்டை மூக்கு வண்டிக்கு வந்து ஏறினாள்.

"மண்டபத்துக்குப் போங்க மாமா."

கிரிசாந்தோ சாவியைத் திருப்பினார். ஜப்பான் அம்மணி இரண்டு வாக்கியம் சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் டேஷ்போர்டில் நீலமாக அது மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டர்தான், ஒப்புக்கொண்டாயிற்று. சிவப்பு என்றால் காய்ச்சல், சரி. நீலம் என்றால்? இப்போதுதானே வாய்வரை ஊற்றினோம்? போனால் வெடிக்குமா? பின்சீட்டில் தங்கச்சி பெண் இருக்கிறாள்.

முன்னால் பேண்டு கிளம்பிவிட்டது. பின்னால் ஹாரன்கள். ஒருரோவின் ஷேர் டாக்ஸிக்காரர்கள் பாதிப்பேர் அந்த வாசலில்தான் இருந்தார்கள்.

கிரிசாந்தோ இஞ்சினை அணைக்காமல் இறங்கினார். நிகானோரின் வண்டியருகே போய், கண்ணாடியை விரல் நுனியால் தட்டினார்.

"நிகானோர். ஒரு நிமிஷம் வந்து பாரேன். நீலமா எரியுது. அதுக்கு என்னப்பா அர்த்தம்?"

நிகானோர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பூரித் துணுக்கு தெறித்த அந்தக் காலையிலிருந்து அவன் இதற்காகத்தான் காத்திருந்தான் என்றே சொல்லலாம். வந்து குனிந்து பார்த்தான். என்ன தோன்றியதோ, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

"இவ்வளவு நேரம் நின்னதுல இஞ்சின் ஆறிடுச்சுண்ணே, இன்னும் சூடாகலை. குளிர்ல எல்லா வண்டிக்கும் அப்படித்தான். ஓடினா தானா அணைஞ்சிடும்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

கிரிசாந்தோ தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒன்றும் செய்யாமல் வண்டியை எடுத்தார்.