ரயிலை ஏசிய ஆர்வில்லா

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டாவ்லி என்ற ஊரில், ஆர்வில்லா டோஸ்ட்ருட் ரயிலுக்கு ஜென்ம விரோதி என்று பெயர் எடுத்தவள். அவள் வீட்டு வேலியை ஒட்டித்தான் தண்டவாளம். கோதுமை ஏற்ற வரும் சரக்கு வண்டி ஊதினால் கோழிகள் முட்டையிடாது. கொடியில் காயும் துணியெல்லாம் கரி. "இந்த ஊதல் ஊதுறியே, ஊருல எல்லாரும் செவிடா?" என்று டிரைவரைப் பார்த்துக் கரண்டியை ஆட்டுவாள்.

1980-ஆம் வருஷம், நஷ்டம் என்று சொல்லி ரயில் கம்பெனி அந்தக் கிளைப் பாதையை மூட முடிவு செய்தது. மூடப்போகும் பாதையை மாநில அரசே வாங்கிக் காப்பாற்றலாம் என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். ஆனால் ஊருக்கு ரயில் தேவைதானா என்று அரசு விசாரிக்கும். கம்பெனி வக்கீல் சாட்சி தேடி நேராக ஆர்வில்லாவிடமே வந்தார்.

"அம்மா, ரயிலால நீங்க பட்ட பாட்டை அப்படியே சொன்னாப் போதும்."

"ஒண்ணு விடாம சொல்றேன் தம்பி," என்று, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத்தில் அவருக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

அவர் கார் மறைந்ததும் தானியக் கிடங்கு நடத்தும் ஆர்லினுக்கு போன் போட்டாள்.

"விசாரணை அன்னிக்கு இருக்கற லாரி எல்லாத்துலயும் கோதுமைய ஏத்தி மெயின் ரோட்டுல விடு. மெதுவா போகச் சொல்லு."

"அக்கா, நீங்க யாரு பக்கம்?"

"மொதல்ல லாரிய எடுடா."

விசாரணை தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் நடந்தது. தலைநகரிலிருந்து வந்த அதிகாரி கைஸ்லர், லாரிகளுக்குப் பின்னால் வழியெல்லாம் ஊர்ந்து, தொப்பியெல்லாம் புழுதியாகத் தாமதமாக வந்து சேர்ந்தார். வக்கீல் உற்சாகமாக ஆர்வில்லாவை அழைத்தார்.

"ரயில் உங்களுக்குத் தொல்லைதானே?"

"தொல்லைன்னா அப்படி ஒரு தொல்லை! என் கோழிக்கே ரத்தக் கொதிப்பு."

"அப்ப நிறுத்திடலாம்?"

"என் மாமியாரும்தான் தொல்லை. அதுக்காக உங்க கம்பெனி வந்து தூக்கிட்டுப் போக விட்டுருவேனா?"

முன்வரிசையில் இருந்த மாமியார்தான் முதலில் கைதட்டினாள். வக்கீல் முகம் இஞ்சி தின்றது போலானது.

ஆர்வில்லா அதிகாரி பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு லாரிக்குப் பின்னால வந்தீங்களே ஐயா, ரயில் போச்சுன்னா தினமும் அதேதான். குழி விழப்போறது அரசாங்க ரோடு. யோசிச்சுக்குங்க."

கைஸ்லர் தொப்பியைத் தட்டினார். சிரித்தாரா, தும்மினாரா என்று இன்றுவரை ஊரில் வாக்குவாதம்.

அரசு பாதையை வாங்கியது. அதை மேற்பார்வையிடும் குழுவில் ஆர்வில்லாவையும் போட்டார்கள். அதன்பின் ஓடிய முதல் சரக்கு வண்டியில், கடைசியில் இருந்த கார்டு பெட்டியில் உட்கார்ந்து அடுத்த ஊருக்குப் போனாள். வாழ்நாளில் அவளுக்கு அதுதான் முதல் ரயில் பயணம். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மரக்கட்டைகள் இற்றுப்போயிருந்ததால் வண்டி எருமை போல நகர்ந்தது. இறங்கியதும், "நடந்தே வந்திருப்பேன்!" என்று டிரைவரை ஒரு பிடி பிடித்தாள். திரும்பி வரும்போது, அவளை அழைத்துப்போக வந்திருந்த ஆர்லின் தன் காரில் ஏறச் சொன்னான். அவள் ஏறவில்லை, என்ஜினிலேயே, டிரைவருக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.