பூண்டு வாடை அடித்த அவல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக எங்கள் தெரு. நான் கல்யாணமாகி அங்கே வந்து, தலைச்சன் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்த சமயம்.

ஆட்சி மாறி, விவசாயக் கூலிக்குச் சட்டமே வந்துவிட்டது என்று மேடை போட்டுப் பேசினார்கள். எங்கள் மிராசுதார் வீட்டில் கூலி அளக்கும் மரக்கால் மட்டும் மாறவே இல்லை. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அறுப்புக்கு இறங்குவதில்லை என்று தெருவே உட்கார்ந்துவிட்டது. தை மாதம் பாதி போயும் சம்பா அறுபடாமல் தலை சாய்ந்து நின்றது. எலிகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் அடுப்பில் பூனை தூங்கியது.

வரப்பில் எலி வளையை வெட்டி, உள்ளே அது சேர்த்து வைத்திருக்கும் கதிரை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். காலங்காலமாக அதை யாரும் தடுத்ததில்லை. அதேபோல், வளைகளில் எலி மருந்து வைத்தால் மிராசுதார் வீட்டுக் காவல்காரர் தெருமுனையில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போவார். அதுவும் எழுதாத வழக்கம்.

அந்த வருஷம் காவலுக்கு வந்தவர் புது ஆள். எங்களை மிரட்டுவதற்கென்றே கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். முறுக்கிய மீசையும் தடியுமாக ஒரு காலையில் தெருமுனையில் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் கோஷம் போட்டுக்கொண்டு சூழ்ந்துவிட்டார்கள். “அறுப்புக்கு ஆள் பிடிக்க வந்தியா?” என்று ஒருவர் தடியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். காவல்காரர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வெறுங்கையோடு அவர் திரும்பிப் போனதைப் பார்த்துப் பெண்களெல்லாம் சிரித்தோம்.

அன்று மத்தியானமே நானும் என் நாத்தனாரும் மண்வெட்டியோடு வரப்புக்குப் போனோம். ஒரு வளைக்குள் கை விட்டால் கொத்துக் கொத்தாகக் கதிர். “என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சீர் வராது அண்ணி” என்றாள் அவள். நெல்லில் அங்கங்கே கருப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. வளை மண்தான் என்று அலசி, அவலுக்கு ஊறப் போட்டேன். அவல் இடித்துப் பானையில் கட்டி வைத்தால் பிள்ளைக்குக் கொஞ்ச நாள் கவலையில்லை.

மறுநாள் நெல்லைச் சட்டியில் போட்டு வறுத்தபோது பூண்டு வாடை அடித்தது. எங்கள் வீடு பூண்டைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. வசதியான எலி போலிருக்கிறது, ரசத்துக்கும் சேர்த்து வைத்திருக்கிறது என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். சூட்டோடு உரலில் போட்டு இடித்தோம். மாமியார் முறத்தில் புடைத்தார். பிள்ளை என் புடவையைப் பிடித்து இழுத்து ‘ஆ’ என்று வாயைத் திறந்தான். ஒரு சிட்டிகை அவலை எடுத்து அவன் நாக்கில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லை வேலியைப் பிய்த்துக்கொண்டு அந்தக் காவல்காரர் உள்ளே பாய்ந்தார். வந்த வேகத்தில் முறத்தை எட்டி உதைத்தார். அவல் முழுக்க மண்ணில் கொட்டியது. பாவி, இந்தப் பிடி அவலைக்கூட விடமாட்டாயா என்று கத்தினேன். மாமியார் விளக்குமாற்றால் விளாசினார். சத்தம் கேட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அவரைக் கீழே தள்ளி அடித்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. என்னைப் பார்த்தே கத்தினார்.

“அப்புறமா அடிங்க! வறுக்கும்போது பூண்டு நாத்தம் வந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லும்மா!”

அந்த வாடையைப் பற்றி நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இவருக்கு எப்படித் தெரியும்?

“அது எலி மருந்தும்மா!”

பிள்ளையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். அவன் இன்னும் விழுங்கவில்லை. பல் முளைக்காத ஈறால் சப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் விட்டு விட்டு வாயைக் கழுவினேன். அவன் வீறிட்டு அழ, அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது. என் வீட்டுக்காரர் ஓங்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றார்.

“நேத்தே சொல்லத்தான் வந்தேன். விட்டீங்களா?” என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டே. “மறுபடி போறேன்னதுக்கு, ‘ஒரு தடவை போனியில்ல, அது போதும்’னுட்டாரு மிராசு அய்யா. காலையில வரப்புல வெட்டின வளையப் பார்த்தேன். மனசு கேக்கல. உலக்கைச் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் ஓடியாந்தேன்.”

மாமியார் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். விளக்குமாறு இன்னும் அவர் கக்கத்திலேயே இருந்தது. காவல்காரர் குடித்துவிட்டு, “நான் வந்தது அய்யாவுக்குத் தெரிய வேணாம்” என்று சொல்லி, வந்த வழியே போனார். அறுப்பு முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டாராம். பேர்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

அன்று வாயைத் திறந்து காட்டிய பிள்ளைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. பூண்டு வதக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் அந்த அவல்தான் ஞாபகம் வரும். எந்த விரோதி வாசலில் வந்து நின்றாலும் சரி, அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை என் வீட்டில் ஒருவரையும் நான் வாய் திறக்க விடுவதில்லை.