இன்ஸ்பெக்டர் முடிச்சுப் போடக் கூடாது

ஓடிப்போகிறவள் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைத்துவிட்டா போவாள்? எதிர்வீட்டுச் செல்லம்மா இதற்கு ஒரு பதில் சொல்லட்டும், அப்புறம் மற்றதைப் பேசலாம். அறுபத்திரண்டு வயதில் ஜெயசுந்தரி புருஷனை விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், பாவம் ரூஃபஸ் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று லோத்குண்டாவில் அந்தத் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு போனது உண்மை. அவர் கண்ணில் தண்ணீர் வந்ததும் உண்மை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மனுஷன் வெங்காயம் நறுக்கினார், தண்ணீர் வராமல் என்ன செய்யும்? வியாழக்கிழமை போனவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே, அதைச் செல்லம்மா பார்க்கவில்லையா? பார்த்தாள். பார்த்ததை மட்டும் சொல்ல மாட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

ஜெயசுந்தரி குஷாய்குடா பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒயர் கட்டியவள். மெஷினுக்குள் போகிற நூற்றுக்கணக்கான ஒயர்களை, ஆணி அடித்த பலகைமேல் வரிசையாகப் படுக்க வைத்து, மெழுகு நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த செக்‌ஷனில் எல்லோரும் பெண்கள். கட்டியவள் பெயர் எங்கேயும் இருக்காது. பார்த்துச் சரி என்று சொல்கிற இன்ஸ்பெக்டரின் முத்திரைதான் இருக்கும். அந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர்தான் ரூஃபஸ். முகத்தைப் பார்க்காமல் முடிச்சைப் பார்த்தே பெண் கேட்டு வந்தவர் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணுவார்கள்.

வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த மறு மாதமே அவள் ஒரு நீல அட்டை நோட்டு வாங்கினாள். எழுத ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும் அது என்ன மாதிரிக் கதையென்று. ஏழாம் மண் என்று ஓர் உலகம். அங்கே இருக்கிறவர்கள் நூலார். பனை உயரம், வாய் கிடையாது. மணிக்கட்டிலிருந்து நூல் வளரும், அதில் முடிச்சுப் போட்டுத்தான் பேசுவார்கள். மூன்று பெண்கள் தங்கள் நூலைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பிள்ளை பிறக்கும். இது யார் பிள்ளை என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அங்கே போய் இறங்குகிறது மனிதர்களின் கப்பல் ஒன்று. மலையிடுக்கில் தொங்கியதை நல்ல கயிறு என்று நினைத்து ஆண்கள் அறுத்துச் சாமான் கட்டுகிறார்கள். அது கயிறில்லை. ஒரு கிழவி அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு. கப்பலில் ஒயர் கட்டுகிற தெபோராள் ஒருத்திக்குத்தான் அது விளங்குகிறது.

இப்படி மூன்று பாகம் சென்னையில் அச்சாகி வந்துவிட்டது. நோட்டைத் தட்டச்சுக் கடைக்குக் கொண்டுபோவது, கூரியர் போடுவது, பதிப்பகத்தாரிடம் ஃபோனில் பேசுவது எல்லாம் ரூஃபஸ்தான். குறை சொல்ல முடியாது, ஓடி ஓடிச் செய்தார். நான்காம் பாகம்தான் கடைசி. அதைக் கொண்டுபோகிற வழியில் அவரைச் செல்லம்மா பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, நீங்க சர்ச் கமிட்டில வேற இருக்கிய. மயினி அப்பன் இல்லாத பிள்ளையளப் பத்தி எழுதுதாவளாமே?”

அந்த ஒரு கேள்வி அந்த மனுஷனைக் குடைந்துவிட்டது.

சனிக்கிழமை கூரியரில் ப்ரூஃப் வந்தது. உலையில் அரிசி கொதிக்க, ஜெயசுந்தரி நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். அவள் எழுதியிருந்தது வேறு. மலை முழுவதையும் எழுதிக் கொடு என்று கப்பல் கேப்டன் நூலாரை மிரட்டும்போது, தெபோராள் கப்பலுக்குள் போய்த் தான் கட்டிய ஒயர்க்கட்டை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துவிடுவாள். கப்பல் எழும்பாது. ப்ரூஃபில் அது ஒன்றையும் காணோம். திடீரென்று மலை தீப்பிடிக்கிறது, கேப்டன் நூலாரைக் காப்பாற்றுகிறார், தெபோராளைக் கல்யாணம் செய்துகொண்டு பூமிக்குத் திரும்புகிறார்.

“இது யாரு எழுதினது?”

ரூஃபஸ் செய்தித்தாளை முகத்திலிருந்து இறக்கவில்லை. “சின்ன ரீவொர்க். நாலு பேரு பேசுதாங்கள்லா.”

“என் நோட்டு எங்க?”

“பழைய பேப்பர்காரன்ட்ட போயிருக்கும்.”

அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“கம்பெனியில இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் பண்ணலாம். அவரே உக்காந்து முடிச்சு போடலாமா?”

செய்தித்தாள் மடங்கியது.

“இத்தன வருசத்துல ஒருநாளாவது என் பலகையில கை வச்சியளா?”

“வைக்கல.”

“ஏன் வைக்கல?”

“வைக்கக் கூடாதுல்லா. ரூலு.”

“அங்க இருந்த ரூலு இங்க எங்க போச்சு?”

அவள் தானே பதிப்பகத்தாருக்கு ஃபோன் போட்டாள். அவர் தங்கமான மனிதர்தான், பேச்சிலும் மரியாதை. “வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதும்மா. எல்லாம் சார்தான் அனுப்பினார். சார் ஒரு வார்த்தை சொல்லட்டும், மாத்திடலாம்.”

“நானே சொல்லிருதேன், சுந்தரி,” என்றார் ரூஃபஸ். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

“வேண்டாம். நீங்க சொன்னா உங்க வார்த்தைக்கு மாறும். என் வார்த்தைக்கு மாறணும்.”

மகள் ஸ்டெஃபி ஹப்சிகுடாவில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தெலுங்கு ஊரில், பேச்சில் பாதி இந்த ஊர் உருது. அவளுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. “கைக்கு, எதுக்கு டென்ஷன் மம்மி? எழுதி முடிச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பிடு. தனியா ட்ரெயின் எல்லாம் நக்கோ.”

“ஃபோட்டோ போனா திரும்ப சாரத்தான் கேப்பாங்க. நேர்ல போய் என் கையெழுத்தப் போட்டுட்டு வாரேன்.”

ஜெயசுந்தரி அதுவரைக்கும் பக்கத்து ஸ்டேஷன் மௌலாலியைத் தாண்டித் தனியாக ரயில் ஏறினதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு முடிச்சு தப்பிவிட்டால் நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, நூலை அறுத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும், அது அந்த செக்‌ஷன் பழக்கம். போன நோட்டை நினைத்து அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவள், புதன்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பது பக்கம் எழுதினாள். பழைய முடிவைவிட இது இன்னும் உசத்தியாக வந்தது. முன்பு தெபோராள் தனியாக அவிழ்த்தாள். இப்போது, எந்தக் கிழவியின் பேச்சை அறுத்தார்களோ அந்தக் கிழவியே பனை உயரத்தைக் குறுக்கிக் குனிந்து கப்பலுக்குள் வருகிறாள். இருவருமாக அவிழ்க்கிறார்கள். உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கற்றுக்கொள், பிறகு கட்டித் தருகிறோம், பறந்து போ என்கிறார்கள். கேப்டன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நூலைக் கையில் எடுக்கிறார். மூன்று நாளாக அவருக்கு முதல் முடிச்சே வரவில்லை.

ஸ்டெஃபிக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா வாசிக்க வாசிக்கக் கேட்டாள். பாதியில் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். முடிந்ததும், “ஹவ் மம்மி, நீயே போ,” என்றாள். டிக்கெட்டும் அவளே எடுத்தாள்.

வியாழக்கிழமை. மிளகாய்த்தூள் டப்பா எது, ரசப்பொடி டப்பா எது என்று ரூஃபஸுக்குக் காட்டியாயிற்று. சிலிண்டருக்கும் சொல்லியாயிற்று. அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது அவர் கையில் கத்தியும் கண்ணில் வெங்காயத் தண்ணீருமாக வாசலுக்கு வந்தார்.

“ஒரு தடவ படிச்சுப் பாத்துருதேனே. தப்பு இருந்தா சொல்லுதேன், அவ்வளவுதான். கை வைக்க மாட்டேன்.”

“புஸ்தகமா வரட்டும். காசு குடுத்து வாங்கிப் படிங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டின் குறுக்கே நின்று, பழைய கம்பெனிக் குரலில் கேட்டார்.

“மெட்டீரியல் வெளிய போவுது. கேட் பாஸ்ல யாரு கையெழுத்து?”

“நான்தான் போட்டேன். தொறங்க.”

அவர் திறந்தார். அகலத் திறந்து, ஒதுங்கியும் நின்றார்.

எதிர்வீட்டு பால்கனியில் செல்லம்மா துணி காயப்போடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். ஜெயசுந்தரி அண்ணாந்து பார்த்தாள்.

“செல்லம்மா, நாளைக்குக் காலைல சிலிண்டர் வரும். இவுகளுக்கு லீக் பாக்கத் தெரியாது. நீ வந்து கொஞ்சம் பாத்துக்கிடு.”

செல்லம்மா தலையை ஆட்டினாள். ஆட்டினாளா இல்லையா, அவளே சொல்லட்டும்.

ஜெயசுந்தரி நாற்பது பக்கமும் இருந்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆட்டோ நிற்கிற மூலையைப் பார்த்துத் தெருவின் நட்ட நடுவில் நடந்தாள்.